ஸுல்பிகா ராத்தாவின் மேசை

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வந்து, தையல் மெஷின் பார்க்கிற ராத்தா வீடு எது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கேட்ட கையோடு வழி காட்டுவார்கள், சிலர் வாசல்வரைக்கும் வந்தே விடுவார்கள். ராத்தா என்றால் அக்கா. ஸுல்பிகாவைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெருநாளைக்கு மூன்று நாள் இருக்கும்போது நின்றுபோன மெஷினை ஓடவைத்துத் தருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவள் வேலை பார்ப்பது கராஜில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். ஸுல்பிகாவின் வாப்பா மகளுக்கு வீடு கட்டியபோது, வருகிற மாப்பிள்ளை வாகனத்தோடு வருவார் என்று மனக்கோட்டை கட்டி, முன்பக்கம் ஒரு கராஜையும் சேர்த்துக் கட்டினார். மாப்பிள்ளை கலீலுர் றஹ்மான் சைக்கிளில் வந்தார். அவ்வளவு பெரிய கராஜில் அந்த ஒற்றைச் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்த்து வாப்பாவுக்கே சிரிப்பு வந்ததாம். பதினெட்டு வருடமாகியும் வாகனம் வரவில்லை. அந்த இடத்தில் ஸுல்பிகா ஒரு பாயை விரித்தாள்.

பாயில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி உட்காருவாள். மெஷினின் தலையைக் கழற்றி மடியில் சாய்த்து, ஒரு முழங்காலால் அண்டை கொடுத்து, மற்றப் பாதத்தால் அழுத்திப் பிடிப்பாள். இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் தன் மெஷின் இறுகிப்போய், திருத்தக் கொடுத்த கடைக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்ததில் கோபம் வந்து, குசினிக் கத்தியால் தானே கழற்றியவள் அவள். உள்ளே தேங்காயெண்ணெய் பிசினாகிக் கிடந்தது. எங்கள் பெண்களின் கைவைத்தியம் அது. தலைக்கும் தேங்காயெண்ணெய், பிள்ளையின் காலுக்கும் தேங்காயெண்ணெய், மெஷின் கத்தினால் அதற்கும் தேங்காயெண்ணெய். இரண்டு மாதம் வழுவழு என்று ஓடும், மூன்றாம் மாதம் கல்லாகிவிடும். ஸுல்பிகாவிடம் வருகிற மெஷினில் பாதிக்கு அதுதான் நோய்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் டிலக்ஷி வந்தாள். திருகோணமலை டவுனிலிருந்து ஸ்கூட்டியில் பாலம் கடந்து வந்த அரசாங்க அலுவலகப் பிள்ளை. முப்பது வயது இருக்கும். சேலை கசங்கவில்லை, கையில் ஒரு நீலப் பைல். மாவட்டத்தில் அவர்களுடைய தையல் பயிற்சி நிலையங்களில் நாற்பத்திரண்டு மெஷின் இருக்கின்றதாம், வருடம் முழுக்கப் பராமரிக்க ஒரு வேலைத்தலம் தேடுகிறார்களாம், போகிற இடமெல்லாம் பெண்கள் ஸுல்பிகாவின் பெயரைத்தான் சொல்கிறார்களாம். ஸுல்பிகாவுக்குக் காதுக்குள் கடல் இரைந்தது. நாற்பத்திரண்டு மெஷின். அவள் கனவில்கூட ஐந்துக்கு மேல் எண்ணியதில்லை.

டிலக்ஷி பைலைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தாள். இடம் உண்டா, உண்டு. வெளிச்சம் உண்டா, உண்டு. அடுத்த வரியில் பேனை நின்றது. அவள் பாயைப் பார்த்தாள், திரும்பவும் படிவத்தைப் பார்த்தாள்.

“அக்கா, வேலைமேசை எங்க? நிலையான, மட்டமான மேசை ஒண்டு இருக்கவேணும். நிலத்தில வைச்சுச் செய்யிற இடத்தை நான் வேலைத்தலம் எண்டு எழுத ஏலாது.”

முகம் சுளிக்காமல்தான் சொன்னாள். பதினைந்து நாளில், வியாழக்கிழமை காலை திரும்ப வருவதாகவும், அன்றைக்கும் மேசை இல்லாவிட்டால் டவுனில் உள்ள ஒரு கடைக்குக் கொடுக்க வேண்டி வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். ஸுல்பிகா பாயில் இருந்தபடியே அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்பத்திரண்டையும் விட்டுக்கொடுக்க அவளுக்குக் கொஞ்சமும் மனமில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்த கலீலுர் றஹ்மான் விசயத்தைக் கேட்டதும் சட்டைக் கையை மடித்தார். ஒரு மேசைக்கா இவ்வளவு யோசனை, என்றார். மனிதர் இருபத்தாறு வருடமாகக் கடற்கரைப் பட்டறையில் வள்ளம் கட்டுகிறவர். முதலில் பலகையில், பிறகு பைபரில். அவர் கட்டிய வள்ளம் கொட்டியாரக் குடாவில் எந்தக் காற்றுக்கும் அசையாது என்று பேர். அப்படிப்பட்டவருக்கு நாலு காலும் ஒரு பலகையும் எந்த மூலைக்கு?

துறைமுகத்துக்கு வெளியே ஒருவர், கப்பல்களில் சரக்கு உருளாமல் முட்டுக்கொடுக்கிற பலகைகளை வாங்கி விற்கிறார். எந்த நாட்டு மரமோ, மூன்று அங்குலத் தடிப்பு, ஆணி அடித்தால் ஆணி வளையும். அதில் எட்டடி நீளத்தில் ஐந்து பலகையைக் கொண்டுவந்து இறக்கினார். ஸுல்பிகாவைச் சுவரோடு நிற்க வைத்து, அவள் இடுப்பு உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டார். கல்யாணத்துக்குச் சட்டை அளவெடுக்கிற மாதிரி இருக்கிறதே என்று அவள் கேட்க, அசையாதே என்று அதட்டினார். பட்டறை விட்டு வந்த ஒவ்வொரு பின்னேரமும் கராஜில் சத்தம்தான். ஏழாம் நாள் மேசை எழுந்து நின்றது.

சும்மா சொல்லக்கூடாது, அழகான மேசை. இணைப்புத் தெரியாத பலகை, தொட்டால் பட்டு. மகள் மின்ஹா அதைப் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டாள். பக்கத்து வீட்டு சித்தி பரீதா வந்து பார்த்து, மாஷா அல்லாஹ், இதில் மையித்துக்கூடக் குளிப்பாட்டலாம் என்று புகழ்ந்தாள். மையித்து என்றால் பிணம், அவள் புகழ்கிற விதமே அப்படித்தான்.

ஸுல்பிகா பிஸ்மி சொல்லி, நூல் சுற்றுகிற பொபின் ஒன்றை மேசையின் நடுவில் வைத்தாள். பொபின் ஒரு கணம் யோசித்தது, பிறகு மெல்ல உருண்டு சுவர்ப்பக்கமாக விழுந்தது. இன்னொன்றை வைத்தாள். அது வாசல் பக்கமாக உருண்டு விழுந்தது. ஒரு பிடி திருகாணியைக் கொட்டினாள். பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாகப் போய்ச் சேர்ந்தன. நிலத்தில் டிங் டிங் என்ற சத்தம் ஓய வெகுநேரம் எடுத்தது.

“மின்ஹாட வாப்பா,” என்றாள் ஸுல்பிகா, “நடு எழும்பி இருக்கு.”

“ஓம். எழும்பித்தானே இருக்கணும்?” என்றார் அவர், ஒரு சந்தேகமும் இல்லாமல். “இல்லாட்டித் தண்ணி நிண்டு பலகை பழுதாப் போயிரும்.”

கராஜுக்குள் எங்கே தண்ணீர் என்று அவள் கேட்டாள். மனிதர் கூரையைப் பார்த்தார். ஸுல்பிகாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் விழுந்து சிரித்தாள். மின்ஹாவும் சேர்ந்துகொண்டாள். மேசையைச் சுற்றிப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. நீளவாட்டில் ஒரு முனை இரண்டு விரல்கடை உயர்ந்திருந்தது, அலையில் ஏறுவதற்கு. கால்கள் நாலும் வெளியே சரிந்திருந்தன, கவிழாமல் இருப்பதற்கு. ஒரு இயந்திரமும் துடுப்பும் பூட்டிவிட்டால் போதும், மூதூருக்குப் போய்விடலாம்.

கலீலுர் றஹ்மானும் முதலில் சிரிக்கத்தான் செய்தார். திருத்திவிடலாம் என்று சீவுளியை எடுத்தார். எழும்பின நடுவைச் சீவினார். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், நன்றாக வந்திருக்கிறது என்றார். மட்டக்கோலை வைத்தால், கண்ணாடிக்குள் இருந்த குமிழி ஒரு ஓரமாகப் போய் ஒண்டிக்கொண்டது. திரும்பச் சீவினார். அடுத்த நாளும் சீவினார். வாழ்நாள் முழுக்க வளைவைப் பார்த்த கண்ணுக்கு மட்டமான பலகை குழிந்த பலகையாகத் தெரிகிறது, என்ன செய்வது? கை தானாகவே போய் ஓரத்தைச் சாய்த்துவிடும். சுருள் சுருளாக மரத்தூள் கராஜில் கணுக்கால்வரை கிடந்தது. இன்னும் நாலு நாள் சீவினால் கால் மட்டும்தான் மிஞ்சும் என்று ஸுல்பிகா கேலி பண்ணினாள். ஒழுங்கையில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, வள்ளம் எப்ப கடலுக்கு இறங்குது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை வந்துவிட்டது. வியாழனுக்கு இன்னும் இரண்டே நாள் நடுவில். ஊரில் இருந்த தச்சர்மார் எல்லாருக்கும் கைநிறைய வேலை. கடையில் ஒரு மேசை வாங்கிப் போடுவோமா என்று ஸுல்பிகா மெதுவாகக் கேட்டாள். அவர் சீவுளியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு மேசையின் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“இருபத்தாறு வருசமா எத்தினையோ வள்ளம் கட்டிட்டன், புள்ள. எல்லாம் ஆரோட வீட்டுக்கோ போயிட்டுது. உனக்கெண்டு ஒண்டு கட்ட வந்தா, கை கேக்குதில்ல.”

அந்தக் குரலில் அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை நாளும் சிரித்ததற்காக வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மேசை போனால் நாற்பத்திரண்டு மெஷினும் போகும், அது ஒரு பக்கம். இந்த மனிதர் இனி கராஜுக்குள் காலே வைக்கமாட்டார், அது மறுபக்கம். அவள் குசினிக்குள் போனாள்.

அன்றைக்கு நோன்பு பிடித்திருந்தாள், திங்கட்கிழமைகளில் விரும்பிப் பிடிக்கிற சுன்னத்து நோன்பு. நோன்பு திறக்கிறதற்கு, ஆறினால் ஜெல்லி மாதிரி உறைகிற கடற்பாசியைக் காய்ச்சி, ரோஸ் நிறம் போட்டு, தட்டில் ஊற்றினாள். அந்தத் தட்டு மின்ஹா சின்னப் பிள்ளையாக இருந்தபோது படியில் போட்டு நெளித்த தட்டு. அடி ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். ஆறியதும் துண்டு போடக் கத்தியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அடி நெளிந்திருந்தால் என்ன, கடற்பாசியின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மட்டமாக இருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டோடு கராஜுக்கு ஓடினாள். தட்டை மேசையில் வைத்து, கீழே மட்டையைக் கொடுத்து நிமிர்த்தி, இதைப் பாருங்க, இதைப் பாருங்க என்று மூன்று தடவை சொன்னாள். வேறு சொல் வரவில்லை.

கலீலுர் றஹ்மான் கடற்பாசியைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். மூலையில் பட்டறையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ரெசின் வாளியைப் பார்த்தார். பைபர் வள்ளத்துக்குப் பூசுகிற அதே ரெசின். தேன் மாதிரி ஊற்றலாம், மருந்து கலந்தால் கல்லாக இறுகும். மனிதரின் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது.

“ஓரத்தைச் சுத்தி வரம்பு கட்டி ஊத்துவம்,” என்றார். “மட்டத்த அதுவே பாத்துக்கொள்ளும்.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைக் கல்யாண வீடு என்றுதான் சொல்லவேண்டும். செவ்வாய்க்கிழமை அவர் பட்டறைக்குப் போகவில்லை. மேசையைச் சுற்றி மெல்லிய சட்டம் அடித்தார். சந்து பொந்தை எல்லாம் ஸுல்பிகா அடைத்தாள். ஒரே தடவையில் தடிப்பாக ஊற்றினால் கொதித்து வெடித்துவிடும், ஆகவே கொஞ்சம் ஊற்றி, கண்ணாடி நார் பரத்தி, இறுகவிட்டு, மேலே இன்னும் கொஞ்சம். கராஜ் கதவை அகலத் திறந்து விட்டும் மணம் ஒழுங்கையைத் தூக்கியது. சித்தி பரீதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, என்ன காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டாள். கடற்பாசி என்றாள் ஸுல்பிகா. எட்டடிக் கடற்பாசியைப் பார்த்த சித்தி பரீதா, உங்கள் இரண்டு பேருக்கும் சூரா ஓதித் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ரெசின் பட்ட அவருடைய மீசையில் ஒரு பக்கம் விறைத்து நின்றதைக் கண்டு அவள் திரும்பவும் சிரித்தாள். இந்தத் தடவை அவருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் ஒரே வேலையில் கை வைத்தது அன்றைக்குத்தான், அவளுக்கு அது தலைகால் தெரியாத சந்தோசமாக இருந்தது.

புதன்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு வரம்பைக் கழற்றினார்கள். பச்சை கலந்த வெள்ளையில், முகம் தெரிகிற மேசை. மட்டக்கோலை வைத்தார். குமிழி நடுவில் போய் நின்றது. திருப்பி வைத்தார், அப்போதும் நடுவில். ஸுல்பிகா ஒரு பொபினை வைத்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். பொபின் வைத்த இடத்தில் இருந்தது. கலீலுர் றஹ்மான் அல்ஹம்துலில்லாஹ் என்றார். மின்ஹா கைதட்டினாள். ஸுல்பிகா பாயைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

வியாழன் காலை டிலக்ஷி சொன்ன நேரத்துக்கு வந்தாள். மேசையைக் கண்டதும் கண் விரிந்தது. கையால் தடவிப் பார்த்தாள், அசைத்துப் பார்த்தாள். மலையை அசைக்க முடியுமா? படிவத்தில் ஒரு சரி போட்டாள். ஸுல்பிகா முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. டிலக்ஷி ஸ்கூட்டியிலிருந்து துவாயில் சுற்றிய ஒரு மெஷின் தலையைத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள். ஒரு வருடமாக அசையாத மெஷின், டவுன்கடையிலும் கொடுத்துப் பார்த்தாயிற்று.

“இதைச் செய்து காட்டுங்கோ அக்கா. வேலை செய்யிறதையும் பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போடவேணும்.”

ஸுல்பிகா மேசைக்கு முன்னால் நின்றாள். திருப்புளியை எடுத்தாள். மெஷினைச் சாய்த்தாள், அது வழுக்கிக்கொண்டு போனது. இடது கையால் பிடித்தாள், அப்படியானால் திருகாணியை யார் பிடிப்பது? முழங்கால் தானாக மேலே வந்து மேசையின் அடியில் இடித்தது. பதினெட்டு வருடமாக மெஷினைப் பிடித்த பாதம் நிலத்தில் சும்மா நின்றது. திருப்புளி வழுக்கி விரலில் குத்தியது. இன்னொரு தடவை வழுக்கியது. நின்றுகொண்டு மெஷின் திருத்த அவளுக்குத் தெரியவில்லை. மேசை கட்டிய பதினைந்து நாளும் அது ஒருவருக்கும் புத்தியில் படவில்லை, அவளுக்கே படவில்லை.

ஸுல்பிகாவுக்கு அலுமாரிப் பக்கம் கண் போனது. பாயை விரித்து உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. உட்கார்ந்தால் போட்ட சரி அழிந்துவிடும், நாற்பத்திரண்டும் பாலம் கடந்து போய்விடும். டிலக்ஷி பேனையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்திலும் ஒரு கலக்கம், பாவம், அவளுக்கும் இது பலிக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

கலீலுர் றஹ்மான் கதவடியில் நின்றார். சிரிக்க நல்ல சந்தர்ப்பம், வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து ஒரு கதிரையை இழுத்து மேசையோடு போட்டார்.

“ஏறு, புள்ள,” என்றார்.

ஸுல்பிகா செருப்பைக் கழற்றினாள், முக்காட்டை இழுத்துச் செருகினாள், கதிரையில் கால் வைத்து மேசையின் நடுவில் ஏறிச் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். மெஷினை மடிக்கு இழுத்தாள். முழங்கால் அண்டை கொடுத்தது, பாதம் பிடித்தது. வெளிச்சம் நேராகக் கையில் விழுந்தது, இப்படியொரு வெளிச்சம் நிலத்தில் ஒருநாளும் கிடைத்ததில்லை. கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் தன்னைச் சுற்றி வரிசையாக வைத்தாள். ஒன்றுகூட உருளவில்லை.

அடித்தகட்டைத் திறந்ததும் மணம் வந்தது. ஸுல்பிகா தலையை நிமிர்த்தி, தேங்காயெண்ணெய் என்றாள். அவ்வளவுதான், மேசையின் உயரத்தில் இருந்து சிரிப்புக் கிளம்பிவிட்டது. எங்கே, என்ன என்று டிலக்ஷி எட்டி எட்டிப் பார்த்தாள். கீழே இருந்து ஒன்றும் தெரியவில்லை. அரசாங்கப் பைலைக் கலீலுர் றஹ்மானின் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, சேலைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளும் கதிரையில் ஏறினாள். ஏறும்போது ஒரு தயக்கம், மேசை தாங்குமா என்று கேட்டாள்.

“இன்னும் எட்டுப் பேர் ஏறலாம், மிஸ்,” என்றார் வள்ளக்காரர்.

இரண்டு பெண்களும் எதிரெதிரே சப்பாணி கட்டி இருந்தார்கள். நடுவில் மெஷின். ஸுல்பிகா மண்ணெண்ணெய் விட்டு இறுகின பிசினைச் சுரண்டிச் சுரண்டி எடுக்க, டிலக்ஷி தொட்டுப் பார்த்து, எங்கட அம்மாவும் இதைத்தானே விடுறவ என்று வாயைப் பொத்தினாள். சில்லைச் சுற்றியதும் ஊசி ஏறி இறங்கியது. டக், டக், டக். நின்ற ஒரு வருடத்துக்கும் சேர்த்து ஓடியது.

டிலக்ஷி இறங்கவில்லை. பைலை வாங்கி முழங்காலில் வைத்து மிச்ச வரிகளை நிரப்பினாள். கடைசி வரியைச் சத்தமாக வாசித்தாள்: மேசையின் உயரம் வேலை செய்பவருக்குப் பொருந்துகிறதா? வாசித்துவிட்டு ஸுல்பிகாவைப் பார்த்தாள். மசகு படிந்த கை, மடியில் மெஷின், முகமெல்லாம் பல். மூன்றடி உயரத்தில் அவள் ராணி மாதிரி இருந்தாள்.

டிலக்ஷி அந்த வரிக்கு நேரே ஓம் என்று எழுதி, கையெழுத்தைப் போட்டு, படிவத்தை ஸுல்பிகாவின் பக்கம் திருப்பினாள். நாற்பத்திரண்டு மெஷினுக்கும் ஸுல்பிகா அங்கேயே இருந்துகொண்டு கையெழுத்துப் போட்டாள்.